தவிட்டுப்பாறை நிழல்கள்

தவிட்டுப்பாறையில் நிழலுக்குள் எலும்பு தெரிய ஆரம்பித்தது, ஊருக்கு வடக்கே பாறையைத் துளைத்துத் தண்ணீருக்குப் போர் போட்டதற்கு அடுத்த கோடையில். அதற்கு முன்பு மழை பொய்த்து, மறுபடியும் பொய்த்து, கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் காடாகி, ஊர்க்கிணற்றின் அடிச்சேறும் வெடித்து, ஏற்கெனவே போட்டிருந்த போர்களெல்லாம் வெறும் காற்றைக் கக்கிக்கொண்டிருந்தன. பெண்கள் சைக்கிளில் குடங்களைக் கட்டித் தள்ளிக்கொண்டு ரயில்வே கேட் வரைக்கும் போய், அங்கே தோட்டக்காரர் மனம் இரங்கினால் தண்ணீரோடும், இரங்காவிட்டால் வசவோடும் திரும்பி வந்தார்கள். அப்படியிருந்த காலத்தில்தான் துளைபோடும் ரிக் வண்டி வந்தது. அது இரவும் பகலும் இரைந்து இரைந்து பாறைக்குள் இறங்க, முதலில் செம்மண்ணும் பிறகு சாம்பல் நிறத் தூளும் பிறகு மினுமினுப்புக் கலந்த கருந்தூளுமாகப் பாறை தன்னையே மாவாக அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்ததே தவிர, தண்ணீரைக் கொடுக்கவில்லை. ஆயிரத்து இருநூறு அடி தாண்டி, இதற்குமேல் இறக்கக் குழாய் இல்லை என்று ரிக்காரர் கையை விரித்த சமயத்தில், பனைமர உயரத்துக்குத் தண்ணீர் பீய்ச்சியடித்தது. நனைந்த சேலையோடு ஊரே அதன் கீழ் நின்று குலவை போட்டது. தண்ணீர் சில்லென்று இருந்தது. குடித்த பிறகு நாக்கின் நுனியில் லேசாக ஓர் இனிப்பு தங்கியது.

மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பித் தெருத்தெருவாகத் தண்ணீர் திறந்துவிடும் வேலை காசிலிங்கத்துக்கு. அவன் பஞ்சாயத்து ஆபரேட்டர். நெட்டையான, அதிகம் பேசாத மனிதன். தினமும் காலையில் மோட்டாரைப் போட்டதும் குழாயில் முதலில் வருகிற தண்ணீரைக் கை நிறையப் பிடித்துக் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் வால்வைத் திறப்பான். ஊர் குடிக்கப்போவதை முதலில் நாம் குடித்துப் பார்க்க வேண்டும் என்பது அவனாகவே வைத்துக்கொண்ட வழக்கம்.

நிழலை முதலில் பார்த்தது ரேஷன் கடை வரிசையில். சாயங்கால வெயில் நேராக அடிக்கும் கடைச்சுவரில், மண்ணெண்ணெய்க்கு நின்றவர்களின் நிழல்கள் வரிசையாக விழுந்திருந்தன. நிழலின் கறுப்புக்குள், தண்ணீருக்கடியில் கிடக்கும் சிப்பிபோல வெளுப்பாக, அவரவர் எலும்புகள் தெரிந்தன. கேனைப் பிடித்த விரலெலும்புகள், குனிந்த முதுகெலும்புகள், கொட்டாவி விட்ட தாடைகள். வரிசையில் நின்ற யாரும் ஓடவில்லை, ஓடினால் இடம் போய்விடும். டீக்கடைக் கோதண்டம் தன் நிழலை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “புதுத் தண்ணி அப்படிப் போல” என்றார். பின்னால் நின்றவர், “நகருங்கண்ணே” என்றார். வரிசை நகர்ந்தது.

அந்த வாரமே ஊருக்கு அது பழகிவிட்டது. அறிவியல் வாத்தியார் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி விலா எலும்பு எத்தனை என்று ஒருவரையொருவர் எண்ணச் சொன்னார். முதுகுவலி என்று வருஷக்கணக்காகக் கட்டிலை விட்டு இறங்காதிருந்த ஒருவரின் முதுகெலும்பு, கட்டிலோரத்துச் சுவரில் அடிக்குச்சி வைத்துக் கோடு போட்டதுபோல நேராக இருந்ததைப் பார்த்த அவர் மனைவி அன்றைக்கே மண்வெட்டியைக் கையில் கொடுத்தாள். காணாமல் போன மூக்குத்தி ஒரு பிள்ளையின் வயிற்று நிழலில் மின்னிக்கொண்டு கிடந்தது, மறுநாள் காலைவரை வீடே காத்திருந்தது. பங்காளிகள் சண்டையை விடவில்லை, ஆனால் நிழல் விழாத இடமாகப் பார்த்துப் போட்டுக்கொண்டார்கள். வெளியூரிலிருந்து வாழவந்த பெண்களுக்கு நிழலில் எலும்பு தெரியச் சில மாதங்கள் பிடித்தன. தெரிந்த அன்று மாமியார் வீட்டில் கேசரி கிண்டி, இனிமேல்தான் இவள் நம்ம வீட்டுப் பிள்ளை என்றார்கள். மேலத்தெருக்காரர்கள் மட்டும் குடை பிடித்து நடக்கப் பழகினார்கள். காலனிக்காரர்களும் அவர்களும் ஒரே பாதையில் போகும்போது எந்த எலும்பு யாருடையது என்று சொல்ல முடியாமல் போனது அவர்களுக்கு ஒப்பவில்லை. செல்போனைத் தூக்கிக்கொண்டு படம்பிடிக்க வந்த வெளியூர்ப் பையன்கள் போகும்போது பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் பிடித்துப் போனார்கள். அவர்கள் நிழலில் ஒன்றும் தெரியவில்லை. அதற்கு அந்தத் தண்ணீரைத் தினமும் குடித்து அங்கேயே வாழ்ந்திருக்க வேண்டும்.

அந்த நிழலால் வாழ்ந்தவள் என்று ஒருத்தியைச் சொல்ல வேண்டுமானால், அது காசிலிங்கத்தின் மனைவி பஞ்சவர்ணம்.

பஞ்சவர்ணத்துக்கு முன்பு மூன்று முறை பிள்ளை உண்டாகி மூன்றும் வயிற்றிலேயே இறந்துபோயிருந்தன. இறந்தது அவளுக்குத் தெரியாமல் இறந்தவை. ஒவ்வொரு முறையும் அவள் உயிரோடு இருக்கிறது என்று நினைத்து வயிற்றைத் தடவிக்கொண்டு, மாங்காய் தின்றுகொண்டு, பேர் யோசித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் டவுன் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கும் பெண் திடீரென்று பேச்சை நிறுத்தியிருக்கிறாள். அந்த மௌனத்துக்கு அவள் அப்படிப் பயந்தாள். நான்காவது முறை தள்ளிப்போனபோது அவள் சந்தோஷப்படவில்லை. யாரிடமும் சொல்லாமல், ஒரு குற்றத்தை மறைப்பதுபோல வயிற்றை முந்தானையால் மூடிக்கொண்டு நடந்தாள்.

ஒருநாள் சாயங்காலம் காசிலிங்கத்துக்குச் சோறு எடுத்துக்கொண்டு மோட்டார் ரூமுக்குப் போனவள், பக்கவாட்டில் திரும்பிய நேரம் சுவரைப் பார்த்தாள். அவளுடைய நிழலின் வயிற்றில், நெத்திலி மீனின் முள் அளவுக்கு மெலிசாக ஒரு முதுகெலும்பு வளைந்து கிடந்தது. அதன் ஒரு முனையில் பாக்கு அளவுக்கு ஒரு தலை. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். அது அசைந்தது.

மறுநாளே காசிலிங்கம் சுண்ணாம்பு வாங்கிவந்து மோட்டார் ரூமின் மேற்குப் பார்த்த சுவரை வெள்ளையடித்தான். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து தினமும் வெயில் சாயும் நேரத்தில் பஞ்சவர்ணம் அந்தச் சுவரின் முன்னால் பக்கவாட்டில் நின்றாள். முதலில் அவளுடைய மதினி, காசிலிங்கத்தின் அக்கா சீதேவி வந்து பார்த்தாள். பிறகு பக்கத்து வீட்டுக்காரிகள் வந்தார்கள். பிறகு தெருப் பெண்களெல்லாம் பூக்கட்டுகிற நாரையும் கீரை ஆய்கிற முறத்தையும் எடுத்துக்கொண்டு அங்கேயே வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

“ஆத்தாடி, விரலை வாயில வச்சிருக்கு பாரு!”

“விக்கலெடுக்குது. ஏ வர்ணம், தண்ணி குடி, பிள்ளைக்கு விக்கல்.”

“கால நீட்டிக்கிட்டுப் படுத்திருக்கிறதப் பாரு,” என்பாள் சீதேவி, “எங்க அப்பாரு கயித்துக் கட்டில்ல கெடக்குற மாதிரியே.”

பஞ்சவர்ணம் சிரிக்க ஆரம்பித்தாள். அவள் பல்வரிசை எவ்வளவு அழகு என்று தெருவுக்கு அப்போதுதான் தெரிந்தது. நெத்திலி முள் தேங்காய்க்கீற்றாகி, கீற்று அகத்திப்பூவாகி, பிள்ளை நாளுக்கு நாள் சுவரில் வளர்ந்தது. காசிலிங்கம் எல்லோருக்கும் பின்னால், மோட்டார் ரூம் கதவில் சாய்ந்து நின்று பார்ப்பான். அவன் முகம் ஊதியிருப்பதையும், செருப்பு வாரை ஒவ்வொரு வாரமும் ஓர் ஓட்டை தளர்த்திப் போடுவதையும் யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆயிஷா பர்வீன் வந்தது அந்தச் சமயத்தில்தான். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் பெண், வயது முப்பதுக்குள் இருக்கும். பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் வார்டில் இந்தப் பக்கத்து ஆட்கள் அதிகமாகப் படுத்திருப்பதை ஒரு டாக்டர் கவனித்து, தண்ணீரைப் பார்க்கச் சொல்லியிருந்தார். அவள் போரிலும் தொட்டியிலும் தெருக்குழாயிலும் தனித்தனியாகப் பாட்டில்களில் பிடித்து மூடி ஒட்டினாள். வெயிலில் வந்த பிள்ளை என்று பஞ்சாயத்துத் தலைவி ஜெயக்கொடி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஆயிஷா செம்பை இரண்டு கையாலும் வாங்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்து, கீழே வைத்தாள்.

“கோவிச்சுக்காதீங்கக்கா. ரிசல்ட் வர்ற வரைக்கும் நான் குடிக்க மாட்டேன். நீங்களும் குடிக்காம இருந்தா நல்லது.”

ஜெயக்கொடிக்கு முகம் செத்துப்போனது. தாகத்துக்குக் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனாள் என்ற பேச்சு, சாயங்காலத்துக்குள் எல்லாத் தெருவுக்கும் போய்ச் சேர்ந்தது. எலும்பு தெரிந்ததற்குக்கூட ஊர் அவ்வளவு பேசவில்லை.

ரிசல்ட்டோடு அவள் திரும்பி வந்தபோது பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். சின்னப்பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்த பெரியவர்களிடம், உங்கள் தண்ணீரில் யுரேனியம் கரைந்திருக்கிறது என்று அவள் சொன்னாள்.

“யாரு கலந்தது?” என்று எழுந்தார் கோதண்டம்.

“யாரும் கலக்கலைண்ணே. பாறையிலேயே இருக்கு. பாறை உண்டான நாள்லேர்ந்து இருக்கு. தண்ணி ரொம்ப ரொம்பக் காலமா அதுக்குள்ளயே கெடந்து கரைச்சு எடுத்துக்கிட்டு வந்திருக்கு.”

“அப்ப யாரு மேல கேஸு போடுறது?”

ஊரிடம் கோபம் இருந்தது. அதைக் கொண்டுபோய் வைக்க ஒரு முகம் இல்லை.

“ஒரு லிட்டருக்கு முப்பது மைக்ரோகிராமுக்கு மேல போகக்கூடாதுங்கிறது விதி,” என்றாள் ஆயிஷா. “முப்பத்தொண்ணு இருந்தா நாளைக்கே எதாவது ஆயிரும்னு அர்த்தமில்ல. ஆயுசு பூரா தினமும் குடிச்சாலும் ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு போட்ட கோடு அது. உங்க தண்ணியில இருநூத்தி எழுபது.”

“காய்ச்சிக் குடிச்சா?”

“காய்ச்சினா தண்ணிதான் குறையும். அது குறையாது. குளிக்கலாம், துணி துவைக்கலாம், மாட்டுத் தொழுவம் கழுவலாம். குடிக்கவும் சமைக்கவும் வேணாம்.”

“அப்ப ஆஸ்பத்திரியில கெடக்குறவங்க எல்லாம் இதனாலதானா?”

“இதனாலதான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. வேற காரணமும் இருக்கலாம். குடிக்காதீங்கன்னு மட்டும் அடிச்சுச் சொல்லுவேன்.”

சீதேவி கேட்டாள்: “எங்க எலும்பெல்லாம் நல்லாத்தான இருக்கு? தினம் பாக்குறமே. நிழலு பொய் சொல்லுமா?”

“நிழலப் பத்தி எங்க விதியில ஒண்ணும் போடலைக்கா,” என்றாள் ஆயிஷா. அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. “எலும்புலயும் கொஞ்சம் போய்த் தங்கும். ஆனா இது முதல்ல கெடுக்கிறது சிறுநீரகத்த. அது உங்க நிழல்ல தெரியாது.”

கூட்டம் கலைந்தது. வெளியே வெயில் அடித்தது. எல்லோரும் தங்கள் தங்கள் எலும்புகளைத் தரையில் இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

ஜெயக்கொடி அலைந்து திரிந்து டேங்கர் லாரிக்கு ஏற்பாடு செய்தாள். லாரி சில நாள் வந்தது, சில நாள் வரவில்லை. காசிலிங்கம் தெருத்தெருவாகப் போய்க் குழாய்களுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்தான். அந்தப் பெயிண்டைப் பார்த்து அவனைத் திட்டாதவர்கள் குறைவு. நேற்றுவரை நீதானே திறந்துவிட்டாய் என்றார்கள். அவன் பிரஷ்ஷை டப்பாவில் தோய்த்து அடுத்த குழாய்க்குப் போனான்.

லாரித் தண்ணீர் குடிக்கக் குடிக்க நிழல்கள் நிரம்ப ஆரம்பித்தன. முதலில் விரல் நுனிகள் கறுத்தன, பிறகு கை, பிறகு விலா. சேற்றுத் தண்ணீர் மெல்ல ஏறி ஒரு வீட்டை மூடுவதுபோல, ஒவ்வொருவருடைய நிழலும் அவரவர் எலும்பை மூடிக்கொண்டு வந்தது. அதற்காக ஊர் துக்கப்பட்டது. கல்யாணமாகி வந்து கேசரி தின்ற மருமகள்கள் அழுதார்கள். மேலத்தெருக்காரர்கள் குடையை மடக்கி வீட்டுக்குள் வைத்தார்கள். சிலர், நாக்குக்கு லாரித் தண்ணி ஒத்துக்கலை என்று சிவப்புக் குழாயிலேயே பிடித்துக் குடித்துக்கொண்டும் இருந்தார்கள். அவர்களை நிழலை வைத்தே கண்டுபிடித்து, ஜெயக்கொடி வீடு தேடிப் போய்க் கையைப் பிடித்துக் கெஞ்சினாள்.

பஞ்சவர்ணத்துக்கு அப்போது ஏழு மாதம் முடிந்து எட்டு நடந்துகொண்டிருந்தது. வெள்ளைச் சுவரில் பிள்ளையின் கால்கள் முதலில் மறைந்தன. பிறகு முதுகு. கடைசியில் ஓர் உள்ளங்கை மட்டும் கொஞ்ச நாள் தெரிந்துகொண்டிருந்து, அதுவும் கறுப்புக்குள் போனது. அன்று சாயங்காலம் பெண்கள் முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்துபோன பிறகும் அவள் சுவரின் முன்னாலேயே நின்றாள். “வயித்துல உதைக்குதுல்ல? அப்பறம் என்ன?” என்றாள் சீதேவி. “முன்னாடியும் உதைச்சது மதினி,” என்றாள் பஞ்சவர்ணம். “உதைக்குற மாதிரித்தான் இருந்துச்சு. ஸ்கேன்ல அந்தப் பொண்ணு பேச்ச நிறுத்துற வரைக்கும் உதைச்சுக்கிட்டேதான் இருந்துச்சு.”

சில வாரம் கழிந்து ஒரு சாயங்காலம், பெண்கள் யாரும் இல்லாத நேரம், காசிலிங்கம் மோட்டார் ரூமைச் சுற்றி வந்தான். அவன் மனைவி சுவரின் முன் நின்றுகொண்டிருந்தாள். சுவரில் பிள்ளை தெளிவாகத் தெரிந்தது. தலை கீழே திரும்பியிருந்தது. அவன் அதைப் பார்த்தான். பார்த்து, ஒரு நிமிஷம் தன்னை மறந்து சிரித்தான். பிறகுதான் அவனுக்கு விளங்கியது.

“குடிக்கிறியா?”

அவள் முந்தானையால் வயிற்றை மூடினாள்.

“எதுலேர்ந்து? குளிக்கப் பிடிச்சு வைக்கிறதுலேர்ந்தா?”

“எனக்குப் பாக்கணும்ங்க.”

“வர்ணம்.”

“பொறக்குற வரைக்கும். இன்னும் கொஞ்ச நாளு. அப்பறம் சொட்டுத் தண்ணி தொட மாட்டேன், உங்க மேல சத்தியம். தெரியாம என்னால இருக்க முடியாது. நீங்க இருந்து பாருங்க, உள்ள ஒரு உசிரு இருக்கா இல்லையான்னு தெரியாம ராத்திரி பகலா இருந்து பாருங்க.”

காசிலிங்கம் அவளைத் திட்டவில்லை. சுவரோரமாகக் கிடந்த குழாயின்மேல் மெதுவாக, வயசானவர்களைப்போலக் கையை ஊன்றி உட்கார்ந்தான். வேட்டியை முழங்கால் வரைக்கும் தூக்கினான்.

“இங்க வா. இதுல விரல வச்சு அழுத்து.”

“என்னது?”

“அழுத்து.”

அவள் குனிய முடியாமல் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, அவன் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினாள். விரல் உள்ளே போனது. எடுத்த பிறகும் அந்தக் குழி அப்படியே நின்றது. பிசைந்த மாவில் பதிந்ததுபோல, அவளுடைய விரல் அவன் காலில் இருந்தது. வெயில் அந்தக் குழிக்குள் விழுந்து ஒரு சின்ன நிழலை வைத்தது. அது மேலே வரவேயில்லை.

“எத்தன நாளா?”

“சித்திரையிலேர்ந்து. ஒண்ணுக்கு நுரை நுரையாப் போகுது. சோத்தக் கண்டா கொமட்டுது.” அவன் சுவரைக் காட்டினான். அங்கே அவளுடைய நிழலும் பிள்ளையுடைய நிழலும் அவனுடைய நிழலும் சேர்ந்து விழுந்திருந்தன. அவனுடைய எலும்புகள் லாரித் தண்ணீருக்கும் மங்காமல், எல்லோருடையதையும்விட வெளுப்பாக, ஒன்றுகூட நொறுங்காமல், அழகாக இருந்தன. “அங்க பாரு. எதாவது தெரியுதா? ஊரே தினம் இங்கதான உக்காந்து பாத்துச்சு. நானுந்தான் பாத்தேன். எலும்பு நல்லாருக்கு, ஒண்ணுமில்லன்னுதான் நெனச்சேன்.”

பஞ்சவர்ணம் அவன் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவள் வயிறு இடித்தது. அந்தக் குழி நிறைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்றோடு அந்தத் தண்ணீரை நிறுத்தினாள்.

அதற்குப் பிறகு அவள் இருந்த இருப்பை அருகிலிருந்து பார்த்தவள் சீதேவி. பிள்ளை இருக்கிறதா, போய்விட்டதா என்று தெரியாமல், ஒவ்வொரு நாளும் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு, அசைந்தால் அழுது, அசையாவிட்டால் அழுது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் ஸ்கேன் பெண்ணின் வாயையே பார்த்துக்கொண்டு, ஒரு குருடி ஆற்றைக் கடப்பதுபோல அந்த நாட்களை அவள் கடந்தாள். மோட்டார் ரூம் சுவருக்குப் பெண்கள் வருவதை நிறுத்தவில்லை. பார்க்க ஒன்றும் இல்லாவிட்டாலும் வந்து உட்கார்ந்தார்கள். ஒவ்வொருத்தியாக அவள் வயிற்றில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, “இருக்கு, இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஐப்பசியில் பெண்பிள்ளை பிறந்தது. பிறந்ததும் அழுதது. பிரசவ வார்டில் அந்த அழுகையைக் கேட்டுப் பஞ்சவர்ணம் போட்ட சத்தத்தில், பக்கத்துக் கட்டில்காரிகள் பயந்துபோனார்கள். செவ்வந்தி என்று பேர் வைத்தார்கள். பிறந்த சில வாரங்களுக்கு, மறைக்கத் தாயின் நிழல் இல்லாததால், வெயிலில் பிடித்தால் குருவிக்குஞ்சின் எலும்புபோல மெலிசாக ஏதோ அதன் நிழலில் தெரிந்தது. பிறகு அதுவும் மங்கியது.

காசிலிங்கம் அப்போது அதே ஆஸ்பத்திரியின் வேறொரு மாடியில் இருந்தான். ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி உள்ளே விட்டார்கள். கழுவிய அன்று தெளிவாகப் பேசுவான், மறுநாள் முகம் வெளிறிக் கிடப்பான். ஆயிஷா பர்வீன் ஒருமுறை அவனைப் பார்க்க வந்தாள். ஆரஞ்சுப் பழத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு நின்றவளிடம், “நீங்க அன்னைக்கு அந்தச் செம்புத் தண்ணியக் குடிக்காம வச்சீங்கல்ல, அதுதான் சரி” என்றான். சிறுநீரகம் கெட்டிருப்பதால் பழத்தை அவன் தின்னக்கூடாது என்று நர்ஸ் வந்து சொன்னாள். ஆயிஷா அதைத் திரும்ப எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று அழுதாள்.

பஞ்சவர்ணம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு காலையில், தன்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போகச் சொன்னான். வராந்தாவில் கம்பிக்கு நடுவே வெயில் பட்டையாக விழுந்தது.

“பிள்ளைய வெயில்ல பிடி.”

அவள் பிடித்தாள். சிமெண்டுத் தரையில் பிள்ளையின் நிழல், கையும் காலும் ஆட்டிக்கொண்டு, முழுக் கறுப்பாக விழுந்தது. அவன் குனிந்து பார்த்தான். கண்ணை இடுக்கிக்கொண்டு, ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரம்வரைக்கும் பார்த்தான்.

“ஒண்ணும் தெரியலல்ல?”

“ஒண்ணும் தெரியலங்க.”

“நல்லாப் பாரு.”

“நல்லாப் பாத்துட்டேன். ஒண்ணுமே இல்ல. வெறும் கறுப்பு.”

“போதும்,” என்றான். அவன் முகத்தில் அப்படியொரு நிம்மதி வந்தது. பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொள்ளக் கையில் தெம்பு இல்லை. அதன் உள்ளங்காலை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டிருந்தான்.

மாசி மாதத்தில் இறந்துபோனான். மதியத்துக்கு மேல் ஊருக்குக் கொண்டுவந்து, வெயில் சாயும் நேரத்தில் எடுத்தார்கள். மேலத்தெருவிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள், குடையில்லாமல். பாடை மோட்டார் ரூமைத் தாண்டிப்போனபோது, வெள்ளைச் சுவரில் ஊர்வலத்தின் நிழல் விழுந்தது. தூக்கிச் சென்றவர்கள், பின்னால் வந்தவர்கள், வழியில் நின்றவர்கள் எல்லோருடைய நிழல்களும் கறுப்பாக நிறைந்திருக்க, அவற்றின் தோளுக்கு மேலே படுத்தபடி போன ஒரே ஒரு நிழலில் மட்டும் எலும்புகள் தெரிந்தன. ஊரிலேயே அதிகம் குடித்தவன் அவன்தான், ஒவ்வொரு காலையும் ஊருக்கு முன்னால் குடித்தவன். நடந்தவர்கள் நின்றார்கள். தப்பட்டைக்காரர்கள் அடிப்பதை நிறுத்தினார்கள். நெஞ்சில் கட்டியிருந்த கைகளின் விரலெலும்புகள் ஒன்றோடொன்று கோத்து, வெளுத்து, அமைதியாக இருந்தன. சூரியன் கீழே இறங்கும்வரை பாடையை அங்கேயே தோளில் வைத்துக்கொண்டு நின்றார்கள், யாரும் வலிக்கிறது என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு தவிட்டுப்பாறையில் எந்த நிழலிலும் எலும்பு தெரிந்ததில்லை.

அவன் வேலையைப் பஞ்சவர்ணத்துக்குக் கொடுத்தார்கள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே, கழுவுவதற்கான போர்த் தண்ணீரை ஒரு வேளையும், லாரி வந்தால் லாரித் தண்ணீரைத் தெருவுக்குத் தெரு அளந்தும் விட்டாள். ஜெயக்கொடி மனு மேல் மனு கொடுத்து, ஆற்றுத் தண்ணீர்த் திட்டத்தில் ஊரைச் சேர்த்து, ரோட்டோரமாகக் குழாய் பதித்துத் தண்ணீர் வந்து சேர்வதற்குள் செவ்வந்தி நடக்க ஆரம்பித்து, ஓட ஆரம்பித்து, வாய் ஓயாமல் பேசவும் ஆரம்பித்திருந்தாள்.

புதுத் தொட்டி நிறைந்த அன்று விடிந்ததிலிருந்தே ஊர் குடங்களோடு வந்து நின்றது. மேளம் வைத்திருந்தார்கள். ஜெயக்கொடி வால்வுக்கு மாலை போட்டாள். பஞ்சவர்ணம் வால்வின்மேல் கையை வைத்தபடி நின்றாள், திருப்பவில்லை.

“என்னத்தா, திற,” என்றாள் ஜெயக்கொடி.

“ஆயிஷாகிட்டேர்ந்து ரிப்போர்ட்டு வரட்டும்.”

“ஆத்துத் தண்ணிடி, ஆத்தாளே. ஊரூராக் குடிக்குறாக.”

“வரட்டும்.”

வெயில் ஏறியது. மேளக்காரர்கள் நிழலுக்குப் போனார்கள். சனம் முதலில் கிண்டல் செய்தது, பிறகு முணுமுணுத்தது, பிறகு அவள் முகத்துக்கு நேராகவே திட்டியது. அவள் வயிற்றில் காதை வைத்துக் கேட்டவர்களும் அதில் இருந்தார்கள். கோதண்டம், “புருஷனைத் தின்னவ ஊரைத் தாகத்துல சாகடிக்கிறா” என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் சீதேவி குடத்தைக் கீழே போட்டுவிட்டு அவர் முன்னால் போய் நின்றாள். அவள் நின்ற விதத்தைப் பார்த்து அவர் பின்வாங்கினார். பஞ்சவர்ணம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜெயக்கொடியின் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியம் ஆயிஷா கூப்பிட்டாள். பஞ்சவர்ணம் போனை வாங்கிக் காதில் வைத்தாள்.

“அக்கா, நாலுக்கா.”

“முப்பதுக்கு நாலா?”

“முப்பதுக்கு நாலு. மத்ததெல்லாமும் பாத்துட்டேன். குடிக்கலாம்.”

“நீ குடிப்பியா?”

“இப்ப அங்க இருந்தா, உங்க கையால வாங்கிக் குடிப்பேன்க்கா.”

பஞ்சவர்ணம் போனைக் கொடுத்துவிட்டு இரண்டு கையாலும் வால்வைத் திருப்பினாள். குழாய்களுக்குள் காற்று செருமியது. பிறகு தெருத்தெருவாகத் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, குடங்கள் மோதும் சத்தம், சண்டைச் சத்தம், மேளம். அவள் கூட்டம் குறையும்வரைக்கும் இருந்துவிட்டு, ஒரு செம்பில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். செவ்வந்தி வாசலில் மண்ணை அளைந்துகொண்டிருந்தாள். பஞ்சவர்ணம் பிள்ளையின் கையைக் கழுவிவிட்டு, தம்ளரில் ஊற்றி நீட்டினாள். பிள்ளை தம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, மடக் மடக் என்று குடித்தது. பஞ்சவர்ணம் அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தாள். தண்ணீர் தொண்டையில் இறங்குவது தெரிந்தது. அதற்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை.

“இன்னும்,” என்றது பிள்ளை.

அவள் ஊற்றினாள்.